ராஜ் பவனுக்கு ஆள் அனுப்புவது யார்?

1910 நவம்பர் 8 அன்று கலிஃபோர்னியா மக்கள் ஹைரம் ஜான்சன் என்ற வழக்கறிஞரை ஆளுநராகத் தேர்ந்தெடுத்தார்கள். சதர்ன் பசிபிக் ரயில்வே கம்பெனியை மாநில அரசியலிலிருந்து துரத்துவேன் என்ற ஒரே வாக்குறுதியோடு கார் ஏறி ஊர் ஊராகச் சுற்றி வாக்குக் கேட்டவர் அவர். அதே நாளில் நியூஜெர்சி மக்கள் உட்ரோ வில்சனை ஆளுநராக்கினார்கள். இரண்டே ஆண்டில் அவர் அமெரிக்க அதிபர் தேர்தலிலும் வென்றார். கலிஃபோர்னியாவில் 1911-இல் இன்னொரு உரிமையும் வந்தது: தேர்ந்தெடுத்த ஆளுநர் சரியில்லை என்றால் பதவிக்காலம் முடியும் முன்பே வாக்களித்துத் திருப்பி அழைத்துக்கொள்ளலாம். அந்த அதிகாரத்தை ஒரு ஆளுநர்மீது முதலில் பயன்படுத்தியவர்கள் வடக்கு டகோட்டா மக்கள். 1921-இல் லின் ஃப்ரேசியரை அவர்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பெங்களூரில் ஆளுநர் மாளிகையான ராஜ் பவனுக்கும் சட்டமன்றக் கட்டடமான விதான சௌதாவுக்கும் உரசல் வரும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. அமெரிக்காவைப் போல ஆளுநரையும் நாமே தேர்ந்தெடுத்தால் என்ன? வேண்டாம் என்பதே என் பதில். ஆனால் கேள்வியை அசட்டுத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் நம் அரசியல் நிர்ணய சபையே முதலில் அப்படித்தான் முடிவு செய்தது.

1947 ஜூலையில் சர்தார் படேல் தலைமையிலான மாகாண அரசியலமைப்புக் குழு, ஆளுநரை வயதுவந்தோர் அனைவரும் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. சபையும் ஏற்றது. 1948 பிப்ரவரியில் வெளியான வரைவு அரசியலமைப்பின் 131-ஆவது பிரிவில் இரண்டு வழிகள் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருந்தன. ஒன்று நேரடித் தேர்தல். மற்றொன்று, மாநிலச் சட்டமன்றம் ரகசிய வாக்கெடுப்பில் நால்வர் பட்டியல் ஒன்றைத் தேர்ந்தெடுக்க, அதிலிருந்து ஒருவரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பது. 1949 மே இறுதியில் இந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது இரண்டுமே கைவிடப்பட்டன. பிரஜேஷ்வர் பிரசாத் கொண்டுவந்த திருத்தத்தின்படி, குடியரசுத் தலைவர் தம் கையெழுத்தால் நேரடியாக நியமிப்பார் என்று ஆயிற்று. நடைமுறையில் குடியரசுத் தலைவர் என்றால் மத்திய அமைச்சரவை என்பது எல்லாருக்கும் தெரியும்.

சபை மனம் மாறியதற்கு உறுப்பினர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று இன்றும் அசைக்க முடியாதது. அமெரிக்க ஆளுநர்தான் அங்கே அரசாங்கம். நம் கணக்கில் முதலமைச்சரும் அவரே, ஆளுநரும் அவரே. ரயில்வே கம்பெனியைத் துரத்துவேன் என்று ஜான்சன் சொல்ல முடிந்தது, ஜெயித்த பின் அதைச் செய்யும் அதிகாரம் அவர் கையில் இருக்கும் என்பதால். இங்கே முதலமைச்சருக்குச் சட்டமன்றத்தின் பலம் இருக்கிறது. கூடவே மாநிலம் முழுவதும் வாக்கு வாங்கிய ஆளுநர் ஒருவரை உட்கார வைத்தால், மக்கள் தீர்ப்பு எனக்கே என்று இருவரும் சொல்வார்கள், இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கும். அதிகாரமே இல்லாத பதவிக்கு இத்தனை செலவில் தேர்தல் எதற்கு என்று அம்பேத்கர் கேட்டதிலும் நியாயம் உண்டு. தேர்தல் என்றாலே தூய்மை என்ற மயக்கத்துக்கும் அமெரிக்காவிலேயே மருந்து இருக்கிறது. 1903-இல் மிசிசிப்பி மாநிலம் தேர்ந்தெடுத்த ஜேம்ஸ் வார்டமன், கறுப்பின மக்களின் வாக்குரிமை ஏற்கெனவே பறிக்கப்பட்ட மாநிலத்தில், வெளிப்படையான நிறவெறியையே மூலதனமாக்கி ஆளுநரானவர்.

ஆனால் நேருவும் மற்றவர்களும் நியமனத்துக்கு ஆதரவாகச் சொன்ன இன்னொரு காரணம், காலத்தின் சோதனையில் தேறவில்லை. அரசியல் சண்டைகளில் இறங்காத, வெளிமாநிலத்தைச் சேர்ந்த, சான்றோர் என்று மதிக்கப்படுபவர்கள் ஆளுநர்களாக வருவார்கள், அவர்கள் முதலமைச்சருக்கு இடையூறாக இருக்க மாட்டார்கள் என்பது அந்த நம்பிக்கை. கர்நாடகத்தில் அது கொஞ்ச காலம் பலித்தது. மைசூர் மகாராஜா ஜயசாமராஜேந்திர உடையார் 1950 முதல் ராஜபிரமுகராகவும், 1956 நவம்பர் முதல் 1964 வரை ஆளுநராகவும் இருந்தார். பிறகு சென்னைக்கும் ஆளுநராகப் போனார். இசையும் தத்துவமும் தெரிந்த அவர் பெரிய மோதல் எதிலும் சிக்கவில்லை. நல்ல மனிதரைப் போட்டால் போதும் என்பவர்கள் இவரைத்தான் காட்டுவார்கள். அந்த ஆண்டுகளில் டெல்லியிலும் பெங்களூரிலும் ஆண்டது ஒரே காங்கிரஸ் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும். சோதனையே வராத இடத்தில் வெற்றி என்று எதைச் சொல்வது?

டெல்லியில் ஒரு கட்சி, பெங்களூரில் இன்னொரு கட்சி என்ற நிலை வந்த பிறகு நடந்தவற்றைப் பாருங்கள். 1971-இல் இந்திரா காங்கிரஸ் டெல்லியில், ஸ்தாபன காங்கிரஸ் இங்கே. வீரேந்திர பாட்டீல் அரசு போனது, குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. 1977 டிசம்பர் 31 அன்று ஜனதா டெல்லியில் இருக்க, தேவராஜ் அர்ஸ் அரசு கலைக்கப்பட்டது. இரண்டே மாதத்தில் நடந்த தேர்தலில் அர்ஸ் வென்று திரும்பியதே அந்தக் கலைப்புக்கு மக்கள் சொன்ன பதில். அடுத்து வந்ததுதான் இந்திய அரசியல் சட்டத்தையே திருப்பிப் போட்ட பொம்மை விவகாரம். எல்லாரும் தீர்ப்பைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அந்த ஐந்து நாட்களின் நடப்புதான் முக்கியமாகப் படுகிறது.

முதலமைச்சர் ராமகிருஷ்ண ஹெக்டே விலகியதும் 1988 ஆகஸ்டில் எஸ்.ஆர். பொம்மை முதலமைச்சரானார். 1989 ஏப்ரல் 15 அன்று அமைச்சரவையை விரிவாக்கினார். இடம் கிடைக்காதவர்கள் முணுமுணுத்தார்கள். ஏப்ரல் 17 அன்று கல்யாணராவ் மோலகேரி என்ற எம்.எல்.ஏ., 19 பேர் ஆதரவை விலக்கிக்கொள்வதாகக் கடிதங்களை ஆளுநர் பி. வெங்கடசுப்பையாவிடம் கொடுத்தார். ஏப்ரல் 19 அன்று ஆளுநர் குடியரசுத் தலைவருக்கு அறிக்கை அனுப்பினார். மறுநாளே அந்த 19 பேரில் ஏழு பேர், எங்களை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள், நாங்கள் அரசை ஆதரிக்கிறோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். சட்டமன்றக் கூட்டம் 27-ஆம் தேதி தொடங்குவதாக இருந்தது. வேண்டுமானால் முன்கூட்டியே கூட்டிப் பெரும்பான்மையை நிரூபிக்கிறேன் என்று பொம்மை சொல்லிப் பார்த்தார். ஆளுநர் இரண்டாவது அறிக்கை அனுப்பினார். ஏப்ரல் 21 அன்று அரசு கலைக்கப்பட்டது. பிரகடனத்தில் கையெழுத்திட்டவர் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கடராமன். ராஜ் பவனிலிருந்து விதான சௌதாவுக்கு நடந்தே போகலாம். அங்கே தலையை எண்ணினால் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம், டெல்லி வரை போய், கர்நாடக உயர் நீதிமன்றத்தில் தோற்று, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் முன் வந்து, 1994 மார்ச் 11 அன்றுதான் முடிந்தது. பெரும்பான்மையை எண்ணும் இடம் ஆளுநரின் மேசை அல்ல, சட்டமன்றமே என்றது தீர்ப்பு. அதற்குள் ஐந்து ஆண்டுகள் ஓடி, இடையில் தேர்தலும் நடந்துவிட்டது. பொம்மைக்குப் பதவி திரும்பவில்லை. அவர் பெயர் மட்டும் சட்டப் புத்தகங்களில் நிலைத்துவிட்டது.

தீர்ப்புக்குப் பிறகு ஆளுநர்கள் திருந்திவிட்டார்களா? 2010 அக்டோபரில் நம்பிக்கை வாக்கெடுப்பு குரல் வாக்காக முடிந்ததும் ஆளுநர் எச்.ஆர். பரத்வாஜ் ஆட்சியைக் கலைக்கப் பரிந்துரைத்தார். பிறகு 14-ஆம் தேதி நடந்த இரண்டாம் வாக்கெடுப்பில் முதலமைச்சர் எடியூரப்பா 106-க்கு 100 என்று வென்றார். 2011-இல் மறுபடியும் கலைக்கச் சொன்னார் பரத்வாஜ். அவரை நியமித்த மத்திய அரசே கேட்கவில்லை. 2018-இல் பா.ஜ.க.வுக்கு 104 இடம், காங்கிரஸுக்கு 78, மதச்சார்பற்ற ஜனதா தளத்துக்கு 37. பின்னிரண்டு கட்சிகளும் கைகோத்து 112 என்ற பெரும்பான்மைக் கோட்டைத் தாண்டியிருந்தும், ஆளுநர் வஜுபாய் வாலா எடியூரப்பாவை அழைத்து, பலத்தை நிரூபிக்க 15 நாள் கொடுத்தார். உச்ச நீதிமன்றம் அதை மறுநாள் மாலை 4 மணி என்று சுருக்கியது. வாக்கெடுப்புக்கு முன்பே எடியூரப்பா விலகினார். பரத்வாஜ் காங்கிரஸ் அரசில் சட்ட அமைச்சர், வாலா குஜராத் பா.ஜ.க. அரசில் நிதி அமைச்சர், வாலாவுக்குப் பின் ஆளுநரான தாவர்சந்த் கெலாட் பா.ஜ.க.வின் மத்திய அமைச்சர், வெங்கடசுப்பையாவும் மத்தியில் இணையமைச்சராக இருந்தவர். கட்சி மாறினாலும் ஆட்டம் மாறவில்லை என்பதால், இதை ஒரு கட்சியின் குற்றமாக எழுதி முடித்துவிட எனக்கு விருப்பமில்லை.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எம்.எல்.ஏ.க்களைச் சொகுசு விடுதிகளில் அடைத்து வைத்து விலை பேசும் மாநிலத்தில், சட்டமன்றத்தின் எண்ணிக்கையை எப்படி நம்புவது, மேலே ஒரு கண்காணிப்பாளர் வேண்டாமா என்று கேட்கிறார்கள். விலை பேச நேரம் வேண்டும். 15 நாள் கொடுத்தவர் அந்த நேரத்தைத்தான் கொடுத்தார். ஒரே நாளாகக் குறைந்ததும் பேரம் படியவில்லை. ஆனால் 2019 இந்த வாதத்தையும் கொஞ்சம் ஆட்டிப் பார்க்கிறது. அப்போது இழுத்தடித்தது ராஜ் பவன் அல்ல, சபைதான். ஜூலை 18 அன்று முதலமைச்சர் குமாரசாமி கொண்டுவந்த நம்பிக்கைத் தீர்மானம், ஆளுநர் இரண்டு முறை கெடு வைத்தும் நகரவில்லை. 23-ஆம் தேதிதான் 99-க்கு 105 என்று தோற்றது. வாலாவின் கோரிக்கை அன்று சரியானதே. ஆனால் முந்தைய ஆண்டு 15 நாள் தாராளமாகக் கொடுத்தவர் இப்போது அன்றைக்கே முடி என்றதை யாரும் நடுநிலை என்று மதிக்கவில்லை. சரியான செயல் செல்லுபடியாகவே, செய்பவர்மீது நம்பிக்கை வேண்டியிருக்கிறது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கடினம். எல்லாவற்றையும் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே செய்ய வேண்டுமென்றால், முதலமைச்சர்மீதே ஊழல் புகார் வரும்போது என்ன செய்வது? அவர் அமைச்சரவை அவர்மீது விசாரணைக்கு அனுமதி கொடுக்குமா? கொடுக்காது. அதனால்தான் 2004-இல் மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில், அத்தகைய நேரத்தில் ஆளுநர் தம் சொந்த முடிவை எடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2011-இல் எடியூரப்பாவுக்கு எதிராக பரத்வாஜும், 2024 ஆகஸ்டில் மைசூர் மனை ஒதுக்கீடு விவகாரத்தில் அன்றைய முதலமைச்சர் சித்தராமையாவுக்கு எதிராக கெலாட்டும் அனுமதி கொடுத்தார்கள். இரண்டாவதை உயர் நீதிமன்றம் உறுதியும் செய்தது. அண்ணா ஆளுநர் பதவியை ஆட்டின் தாடியோடு ஒப்பிட்டுக் கேலி செய்தது தமிழர் எல்லாருக்கும் தெரியும். இந்த ஒரு இடத்தில் அந்தக் கேலி பொருந்தாது என்றே நினைக்கிறேன். தாடிக்கு வேலை இல்லை. இந்தப் பதவிக்கு எப்போதாவது மிக முக்கியமான வேலை இருக்கிறது. அந்த வேலையைச் செய்பவரை முதலமைச்சரின் எதிர்க்கட்சி மட்டுமே நியமித்திருந்தால், நியாயமான அனுமதியும் பழிவாங்கலாகவே பார்க்கப்படும். இரண்டு முறையும் அப்படித்தான் பார்க்கப்பட்டது.

ஆகவே அதிகாரத்தைக் குறைப்பது மட்டும் போதாது, நியமனமும் மாற வேண்டும். நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்க முடியாது: 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டின் வழக்கில் மசோதாக்களுக்கு நீதிமன்றம் காலக்கெடு வகுத்தது, அதே ஆண்டு நவம்பரில் ஐவர் அமர்வு அப்படிக் கெடு விதிக்க நீதிமன்றத்தால் முடியாது என்றது. 2002-இல் எம்.என். வெங்கடாசலையா தலைமையிலான ஆணையம், பிரதமர், உள்துறை அமைச்சர், மக்களவைத் தலைவர், அந்த மாநில முதலமைச்சர் ஆகிய நால்வர் குழு ஆளுநரைத் தேர்வு செய்யலாம் என்றது. நால்வரில் மூவர் டெல்லிக்காரர்கள். முதலமைச்சர் அங்கே போய் டீ குடித்துவிட்டு வரலாம். இதைவிட 1948 வரைவின் அந்த இரண்டாவது வழி எனக்கு எவ்வளவோ மேலாகத் தெரிகிறது. அதில் பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு: பட்டியலைத் தேர்ந்தெடுக்க விகிதாசார முறை, ஒற்றை மாற்று வாக்கு என்று எழுதியிருந்தார்கள், மாநிலங்களவைத் தேர்தலில் நாம் இன்று பயன்படுத்தும் முறை அது.

கர்நாடகத்துக்குப் போட்டுப் பார்ப்போம். சட்டமன்றத்தில் 224 பேர், மேலவையில் 75 பேர், மொத்தம் 299. நான்கு இடங்களுக்கு இந்த முறையில் 60 வாக்கு வைத்திருப்பவர் ஒரு பெயரைப் பட்டியலில் உறுதியாக ஏற்றிவிடலாம். 2023 தேர்தலில் காங்கிரஸ் 135 இடம் வென்றது, பா.ஜ.க. 66. அந்த நிலையில்கூட எதிர்க்கட்சியின் பெயர் ஒன்று பட்டியலில் நிச்சயம். ஆளும் கட்சி நான்கையும் விழுங்க முடியாது. அப்படியானால் டெல்லி தனக்கு வேண்டிய பெயரையே எடுக்கும், பழைய கதைதானே என்று கேட்கலாம். பெரும்பாலும் எடுக்கும். ஆனால் அந்தப் பெயர் இந்த மாநிலத்து உறுப்பினர்கள் வாக்களித்து அனுப்பியதாக இருக்கும். ராஜ்கோட்டிலோ உஜ்ஜைனியிலோ இடம் இல்லாமல் போனவருக்கு இங்கே இடம் தேடுவது கடினமாகும். மறுபக்கம், தங்கள் பட்டியலில் கட்சி முரடரைப் போட்டால் டெல்லி அவரைத் தொடாது என்பதால், எல்லாக் கட்சியும் கொஞ்சம் மரியாதைக்குரிய பெயரைத் தேட வேண்டிவரும். நேரடியாக மக்களிடம் வாக்கு வாங்காததால் முதலமைச்சரோடு மல்லுக்கட்டும் தெம்பும் அவருக்கு வராது. தேசத்தின் ஒற்றுமை என்ன ஆகும் என்று 1949-இல் கேட்டார்கள். பிரிவினையின் ரத்தம் காயாத நாளில் அந்தக் கேள்விக்கு அர்த்தம் இருந்தது. இன்றும் நியமிப்பது குடியரசுத் தலைவர்தான், மாநில ஆட்சியைக் கலைக்கும் 356-ஆவது பிரிவும் அவர் கையில்தான் இருக்கும்.

பெங்களூருக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. 1983 மார்ச்சில் ஹெக்டே இங்கே தென்மாநில முதலமைச்சர்களைக் கூட்டினார், எம்.ஜி.ஆரும் என்.டி. ராமராவும் வந்தார்கள், சில நாளில் மத்திய-மாநில உறவுகளை ஆராய சர்க்காரியா ஆணையத்தை இந்திரா காந்தி அறிவித்தார். அதே ஆண்டு கர்நாடக அரசு ஆளுநர் பதவி பற்றி வெள்ளை அறிக்கையே வெளியிட்டது. ஆளுநர் நியமனத்தைச் சொல்லும் 155-ஆவது பிரிவைத் திருத்த, சட்டமன்றங்களின் ஒப்புதல்கூடத் தேவையில்லை. நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு போதும். ஆளுநர்களை அனுப்பிக்கொண்டிருக்கும் கட்சி ஒத்துழைக்காமல் அந்த மூன்றில் இரண்டு பங்கு பெரும்பாலும் கிடைக்காது. 1989-இல் ராஜ் பவனால் காயம்பட்ட ஜனதா தளம் அதே ஆண்டு டிசம்பரில் டெல்லியில் ஆட்சிக்கு வந்ததும், பழைய ஆளுநர்களை ஒட்டுமொத்தமாக மாற்றியதே தவிர 155-ஐத் தொடவில்லை.