சர்க்கரை ஏறினால் நிதானம்... இறங்கினால் வேகம்!

கல்யாண மண்டபம். முதல் பந்தி நடந்துகொண்டிருக்கிறது. காலையில் வழக்கம்போல சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டு, 'டிபனை மண்டபத்துல பார்த்துக்கலாம்' என்று கிளம்பி வந்த பெரியவருக்குத் திடீரென வியர்க்கிறது. கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. பக்கத்தில் இருப்பவர் பதறிப்போய் ஜூஸை நீட்ட, இன்னொருவர் தடுக்கிறார். "ஐயோ, அவருக்கு சுகர் இருக்கு. இனிப்பெல்லாம் கொடுக்காதீங்க!"

நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால், அந்த நிமிடத்தில் அவருக்குத் தேவையான மருந்தே அந்த இனிப்புதான்.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக, 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் - இண்டியாப் ஆய்வு சொன்னது. அநேகமாக எல்லாக் குடும்பத்திலும் ஒருவராவது இருக்கிறார். 'சுகர் ஏறிடுமோ' என்ற பயமும் எல்லா வீட்டிலும் இருக்கிறது. இறங்கினால் என்ன செய்வது என்பதுதான் பலருக்கும் தெரிவதில்லை.

ஏறிய சர்க்கரை கண், சிறுநீரகம், நரம்பு, இதயம் என ஆண்டுக்கணக்கில் அரிக்கும். அளவுக்கு மீறி இறங்கிய சர்க்கரையோ நிமிடக் கணக்கில் ஆளைச் சாய்த்துவிடும். காரணம், மூளைக்கு முக்கிய எரிபொருள் குளுக்கோஸ். அது குறைந்தால் மூளை தடுமாறத் தொடங்கும்.

யாருக்கு இறங்கும்?

எல்லா சுகர் மருந்துகளும் சர்க்கரையைத் தாழ்நிலைக்குக் கொண்டுபோவதில்லை. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இது அபூர்வம். இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைட், கிளைக்ளசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் சாப்பிடுபவர்களும்தான் அதிகம் கவனிக்க வேண்டும். 'என் மாத்திரை சர்க்கரையை ரொம்ப இறக்குமா?' என்று டாக்டரிடம் ஒரு தடவை கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

மருந்தைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவது, விரத நாளிலும் அதே டோஸ் எடுப்பது, வழக்கத்தைவிட அதிகமாக நடப்பது, வெறும் வயிற்றில் மது அருந்துவது... இவைதான் வழக்கமான காரணங்கள். வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் மருந்து உடலில் நீண்ட நேரம் தங்கும் என்பதால், ஆபத்து இன்னும் அதிகம்.

15-க்கு 15

ரத்தச் சர்க்கரை 70 மில்லி கிராமுக்குக் கீழே போனால் அது 'லோ சுகர்'. 54-க்குக் கீழே போனால் கொஞ்சமும் தாமதிக்கக் கூடாது. வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும் பசி ஆகியவை முதல் அறிகுறிகள். அடுத்து குழப்பம், காரணமில்லாத எரிச்சல், பார்வை மங்கல், தள்ளாட்டம். சில நேரம் பார்ப்பவர்கள், 'குடித்திருக்கிறாரோ' என்றுகூட நினைத்துவிடுவார்கள்.

செய்ய வேண்டியது எளிது. உடனே 15 கிராம் சர்க்கரை உள்ளே போக வேண்டும். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடர் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்கலாம். அரை டம்ளர் பழச்சாறும் போதும். 15 நிமிடம் கழித்து மீண்டும் டெஸ்ட் செய்யுங்கள். இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் அதே அளவை மறுபடியும் கொடுங்கள். சரியானதும் இட்லி, சாதம் என எதையாவது சாப்பிட வைக்க வேண்டும். கையில் மீட்டர் இல்லையா? அறிகுறி இருந்தால் முதலில் சர்க்கரை, பிறகு சோதனை.

சாக்லேட், கேக், பால் போன்றவற்றில் உள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேருவதைத் தாமதப்படுத்தும். அவசரத்துக்கு அவை உதவாது. வோக்ளிபோஸ், அகார்போஸ் கலந்த மாத்திரை சாப்பிடுபவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். நாம் காபியில் போடும் சர்க்கரை உடைந்து குளுக்கோஸாக மாறுவதையே இந்த மருந்துகள் தாமதப்படுத்தும். எனவே, அவர்களுக்குக் குளுக்கோஸ் பவுடர்தான் கைகொடுக்கும்.

மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-ஐ அழையுங்கள். மாத்திரையால் வந்த லோ சுகர், சரியான பிறகும் சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரலாம். அதனால் 'தெளிஞ்சிட்டார், வீட்டுக்குப் போகலாம்' என்று அவசரப்பட வேண்டாம்.

அறிகுறியே தெரியாமல்...

அடிக்கடி லோ சுகர் வந்தால், உடல் எச்சரிக்கை மணி அடிப்பதையே நிறுத்திவிடும். ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளும் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். இரவில் தலையணை நனையும் அளவுக்கு வியர்ப்பது, கெட்ட கனவு, காலையில் தலைவலி ஆகியவை தூக்கத்தில் சர்க்கரை இறங்கியதற்கான தடயங்களாக இருக்கலாம். காலை அளவு ஏறியிருக்கிறதே என்று இரவு இன்சுலினைத் தாங்களாகவே கூட்டுபவர்கள் உண்டு. அதற்கு முன், ஓரிரு நாள் அதிகாலை 3 மணிக்கு டெஸ்ட் செய்து, அந்த அளவை டாக்டரிடம் காட்டுவது பாதுகாப்பு.

மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்.பி.ஏ.1.சி சோதனை அவசியம்தான். ஆனால், அது சராசரி மட்டுமே. ஒருநாள் 50, மறுநாள் 300 என்று ஊஞ்சலாடுபவருக்கும் 'நார்மலுக்குப் பக்கம்' என்று ரிசல்ட் வரக்கூடும். வீட்டில் எடுக்கும் அளவுகளை நேரம், சாப்பாடு, மருந்தோடு ஒரு நோட்டில் குறித்துவைத்தால், ஊஞ்சல் எங்கே ஆடுகிறது என்பது தெரிந்துவிடும்.

ஏறினால் என்ன செய்வது?

சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்து 180-க்குள் இருப்பது பலருக்கும் பொதுவான இலக்கு. வயதானவர்களுக்கு டாக்டர்கள் இதைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். ஒருநாள் 240 காட்டிவிட்டால் உலகம் முடிந்துவிடாது. விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தாலும் மீட்டர் கூடுதலாகக் காட்டும். எனவே, கையைக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். தண்ணீர் குடியுங்கள். பதற்றத்தில் இன்னொரு மாத்திரை போடுவதும், அடுத்த வேளை பட்டினி கிடப்பதும் வேண்டாம். இன்றைய ஏற்றம் நாளைய இறக்கமாக மாறுவது இப்படித்தான்.

பிறகு காரணத்தைத் தேடுங்கள். காய்ச்சல், பல்லில் சீழ், காலில் புண், மூட்டுவலிக்குப் போட்ட ஸ்டீராய்டு ஊசி, மறந்துபோன டோஸ், வெயிலில் கெட்டுப்போன இன்சுலின் என எதுவாகவும் இருக்கலாம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஊசி போட்டால் தோலுக்கு அடியில் கட்டி தட்டும். அங்கே போடும் இன்சுலின் ஒருநாள் வேலை செய்யும், ஒருநாள் செய்யாது. இடத்தை மாற்றி மாற்றிப் போட வேண்டும்.

சிரிஞ்சிலும் கவனம் தேவை. இந்தியாவில் பாட்டில் இன்சுலின் பலவும் ஒரு மில்லியில் 40 யூனிட் கொண்டவை. 100 யூனிட் கொண்டவையும் கடைகளில் உண்டு. 40-க்கான சிரிஞ்சில் 100 யூனிட் இன்சுலினை எடுத்துவிட்டால், உடலுக்குள் போவது இரண்டரை மடங்கு! பாட்டிலில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாருங்கள்.

எப்போது நிதானம் கூடாது?

வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, மூச்சில் பழவாடை, அரைமயக்கம் - இவற்றில் ஏதாவது சேர்ந்தால் உடனே ஆஸ்பத்திரிதான். அளவு 300-க்கு மேலேயே நின்றாலோ, எண்ணுக்குப் பதிலாக மீட்டர் 'ஹை' என்று காட்டினாலோ காத்திருக்க வேண்டாம். டைப் 1 நோயாளிகள், 'சாப்பிடவே இல்லையே' என்று இன்சுலினை முழுவதுமாக நிறுத்தக் கூடாது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுபவர்களுக்கு, சர்க்கரை அதிகம் ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. வாந்தி, பேதி வந்தால் மாத்திரையைத் தொடரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

சட்டைப் பையில், ஹேண்ட்பேகில், வண்டியில், தலைமாட்டில் என நான்கு இடங்களில் சிறு குளுக்கோஸ் பாக்கெட் இருக்கட்டும். இன்சுலின் போடுபவர்கள் வண்டியை எடுக்கும் முன் ஒரு டெஸ்ட் செய்யட்டும். கூட வேலை பார்ப்பவர்கள், வாக்கிங் நண்பர்கள், பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே ஒரு வரியைச் சொல்லிவையுங்கள்: 'நான் வியர்த்து, உளற ஆரம்பிச்சா, முதல்ல சர்க்கரைத் தண்ணி கொடுங்க.'