காட்டுத் தரையில் ஆறுமணிக் குருவி

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும் ஆறுமணிக் குருவி, மழை ஓய்ந்தபின் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வலசை வந்து, கோடை தொடங்கும்வரை இங்கேயே தங்குகிறது. பருவந்தோறும் இடம்பெயர்ந்து, பின் திரும்பும் பயணமே வலசை எனப்படும்.

ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் நீளமுள்ள இப்பறவை மைனாவைவிடச் சிறியது. நீண்ட கால்களும் இல்லையோ என எண்ணத்தக்க குட்டை வாலும் உடையது. பச்சை முதுகு, ஒளிரும் நீலத்தில் தோள்பட்டையும் பிட்டமும், மங்கிய மஞ்சள் மார்பு, வெண்மையான தொண்டை, வாலடியில் செந்நிறம் என இத்தனை வண்ணங்கள் இருந்தும், அடையாளத்துக்கு உறுதியான சான்று தலையே ஆகும்: உச்சியின் நடுவே ஓடும் கருங்கோடு, கண்ணை ஊடறுத்துச் செல்லும் அகன்ற கரும்பட்டை, அதற்கு மேலே வெண்புருவம்.

இவ்வளவு நிறங்கொண்ட பறவை எளிதில் கண்ணுக்குப் படும் என்று எண்ணுவது தவறு. புதர்நிழலில் சருகுகளைப் புரட்டிப் பூச்சிகளையும் மண்புழுக்களையும் தேடித் தத்தித் திரியும்போது, பச்சை முதுகு தழைகளோடு கலந்துவிடுகிறது. ஆகவே இப்பறவையைக் காண்பதற்குக் கண்ணைவிடக் காதே முதற்கருவி. விடியலிலும் அந்தியிலும், ஏறக்குறைய ஆறு மணியளவில், தலையைப் பின்னுக்குச் சாய்த்து அது எழுப்பும் தெளிவான ஈரசைச் சீழ்க்கையே அதன் தமிழ்ப் பெயருக்குக் காரணம். கிளையில் அமரும் பறவைகளின் வரிசையில் பெரும்பாலானவை தேர்ந்த பாடகர் பிரிவைச் சேர்ந்தவை. அவை தம் பாட்டைக் கேட்டுக் கற்கின்றன. ஆறுமணிக் குருவியோ, மூச்சுக்குழலின் அடியில் அமைந்த ஒலியுறுப்பு எளிமையாக உள்ள மற்றொரு பிரிவைச் சேர்ந்தது; அப்பிரிவில் ஆராயப்பட்ட பறவைகளுள் பெரும்பாலானவற்றுக்குக் குரல் பிறவியிலேயே அமைந்துவிடுகிறது.

சென்னையின் கிண்டி தேசியப் பூங்கா போன்ற நகர்க் காடுகளிலும் இது தங்குவதுண்டு. குரல் வந்த திசையில், சருகு நிறைந்த திறப்பொன்றை நோக்கி அசையாமல் அமர்ந்திருப்பதே சிறந்த முறை. பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு அழைப்பது, இரைதேடும் நேரத்தைப் பறவையிடமிருந்து பறிப்பதால் தவிர்க்கத்தக்கது.

இரவில் வலசை போகும் இப்பறவை களைத்துப்போய் வீட்டு முற்றங்களிலும் மாடிகளிலும் விழுந்து கிடக்க நேர்வதுண்டு. அவ்வாறு காணப்படும் பறவைக்குக் காயமில்லையெனில், காற்றுத்துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருளிலும் அமைதியிலும் ஓய்வெடுக்கவிட்டு, அந்தி சாயும்போது மரங்கள் அடர்ந்த இடத்தில் விடுவித்தல் வேண்டும்.