லே நகரில் முதல் இரண்டு நாள்கள்

ஆண்டிறுதிக் கணக்கு முடிந்ததும் மலைப்பயணத்திற்கு விடுப்பு கேட்போர் எங்கள் கிளைகளில் பலர். வாடிக்கையாளர்களும், கோடை நெருங்கினால் லடாக் சென்றுவர எவ்வளவு செலவாகும் என்று எங்களிடம் கேட்பதுண்டு. பணத்தின் கணக்கைச் சொல்லிவிடலாம். அதற்கு முன் பார்க்க வேண்டியது நாள்களின் கணக்கு.

லே நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. தில்லியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் அங்கே இறங்கிவிடுகிறோம். வசதியும் அதுவே, இடரும் அதுவே. காற்றில் ஆக்சிஜனின் விகிதம் எங்கும் 21 விழுக்காடுதான். ஆனால் அவ்வுயரத்தில் காற்றழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கே. உடல் இதற்குப் பழகிக்கொள்ளும். மூச்சு விரைவுபடும், நாடி மிகும், நாள்கள் செல்லச் செல்ல இரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகும். இவற்றுள் எதுவும் நம் அவசரத்திற்கு இணங்குவதில்லை.

ஐந்து நாள் விடுப்பில் செல்வோர் முதல் நாள் லே, மறுநாள் 5,300 மீட்டருக்கும் மேலுள்ள கர்துங் லா கணவாய், அதற்கடுத்த இரவு 4,200 மீட்டருக்கு மேல் பாங்காங் ஏரிக்கரை எனத் திட்டமிடுகின்றனர். தாளில் அது அழகாக இருக்கும். தலைவலி, குமட்டல், உறக்கமின்மை ஆகியவற்றோடு எடுத்த படங்களே பலருக்கு மிஞ்சுகின்றன. சிலருக்கு நுரையீரலில் நீர் கோக்கவோ மூளை வீங்கவோ கூடும். ஓய்வாக இருக்கும்போதும் மூச்சுத் திணறினால், நடை தள்ளாடினால், உடனே கீழே இறங்கி மருத்துவ உதவி பெறுவதே வழி. உடற்பயிற்சி செய்து உரம்பெற்ற இளைஞர் என்பதால் மலை விலக்கு அளிப்பதில்லை.

ஆகவே முதல் இரு நாள்களில் செய்ய வேண்டியது, ஒன்றும் செய்யாதிருத்தல். போதிய நீர் அருந்தலாம். மதுவையும் தூக்க மாத்திரையையும் தவிர்க்க வேண்டும். மலையில் மன அமைதி கிடைக்கிறது என்று பலரும் கூறுவர். பனிச்சிகரத்தைக் கண்ட மாத்திரத்தில் அது வந்துவிடுவதில்லை. இந்தக் கட்டாய ஓய்விலேயே அது தொடங்குகிறது என்பது எம் கருத்து. பத்துப் படி ஏறினால் நின்றாக வேண்டும். பேச்சு தானாகக் குறையும்; நம் மூச்சு நமக்கே கேட்கும். சிந்து நதிக்கு அப்பால் 6,153 மீட்டர் உயர ஸ்டோக் காங்ரியின் மேல் வெளிச்சம் நிறம் மாறுவதை ஒரு மணி நேரம் பார்த்திருப்பது, நகரத்தில் நம்மால் இயலாத செயல். வெளிமாநில முன்கட்டண சிம் அட்டைகள் பொதுவாக அங்கே இயங்குவதில்லை என்பதும் ஓர் உதவியே. (ஒருமுறைக் கடவுச்சொல்லும் வந்து சேராது, கையில் ரொக்கம் இருக்கட்டும்.)

இரண்டாம் நாள் மாலை, மெல்ல நடந்து அருகிலுள்ள பார்லி வயல்களைக் காணலாம். ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் மழையே பெறும் நிலம் அது. பனி உருகிய நீரே பயிரை வளர்க்கிறது. அந்நீரை முறைவைத்துப் பகிர்ந்தளிக்க ‘சுர்பொன்’ எனப்படும் ஒருவரை ஊரார் நியமிப்பது லடாக் கிராமங்களின் மரபு. எவருடைய வயலாயினும் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும்.

தரைவழி செல்வோருக்கு, ஸ்ரீநகரிலிருந்து புறப்பட்டு ஏறத்தாழ 2,700 மீட்டர் உயரக் கார்கிலில் ஓரிரவு தங்கும் பாதை உடலுக்கு இதமானது. மணாலி வழியில் பலர் 4,200 மீட்டருக்கு மேலுள்ள சர்ச்சுவில் இரவு தங்க நேர்கிறது. புதியவர்களுக்கு அது உகந்ததன்று.

மூன்றாம் நாள் தலைவலி இல்லையெனில் கர்துங் லா சென்று, சிறிது நேரமே நின்று, உறங்குவதற்கு லே திரும்பலாம். தலைவலி இருந்தால், வாடகைக் காருக்குக் கட்டிய முன்பணம் போனாலும் மேலே செல்லலாகாது. இதய, நுரையீரல் நோயுள்ளோர் பயணச்சீட்டு எடுக்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். பயணக் காப்பீடு எத்தனை மீட்டர் உயரம் வரை பொருந்தும் என்பதையும் பத்திரத்தில் படித்தறிக. விடுப்பு ஐந்தே நாள் எனில் பாங்காங்கை விட்டுவிடலாம். லேயிலிருந்து 20 கிலோமீட்டருக்குள், ஏறத்தாழ அதே உயரத்தில், சிந்து சமவெளியில் ஷே, திக்சே மடாலயங்கள் உள்ளன. அவற்றுக்கே இரு நாள்கள் போதா.