பழ ஈயின் நாடும் வீடும்

கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை ஆவலோடு அறுக்க, உள்ளே வெண்புழுக்கள் நெளியக் காணும் ஏமாற்றம் யாழ்ப்பாணத்தார்க்குப் புதிதன்று. மரத்திற்கு நோய் என்பார் உளர். நோய் அன்று, ஈயின் வேலை. முற்றிவரும் காயின் தோலைப் பெண் ஈ ஊசிபோன்ற உறுப்பினால் துளைத்து முட்டையிடுகின்றது. ஓரிரு நாளில் முட்டை பொரிந்து, புழு சதையைத் தின்று வளர்ந்து, பின் மண்ணுட் புகுந்து கூட்டுப்புழுவாகிறது.

கீழைநாட்டுப் பழ ஈ எனப்படும் இதன் தாயகம் ஆசியாவின் வெப்பநாடுகள். 1940களில் அது ஹவாய்த் தீவுகளை அடைந்தது. 2003இல் கென்யாவில் தோன்றிய பழ ஈயொன்று சில ஆண்டுகளில் ஆபிரிக்காவின் பல நாடுகளிற் பரவி, மாம்பழ ஏற்றுமதியைத் தடைப்படுத்திற்று. இலங்கையிலும் ஆபிரிக்காவிலும் வாழும் புதிய இனம் இதுவெனக் கருதிய அறிஞர் மூவர், 2005இல் 'படையெடுப்பது' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரை அதற்கு இட்டனர். 2015இலோ, அது புதிய இனமன்று, பழைய கீழைநாட்டு ஈயே என்பது நிறுவப்பட்டது. பெயரால் வந்த மயக்கம் பத்தாண்டு நீடித்தது!

இந்த ஈக்கு இடந்தரும் தாவரங்கள் முந்நூற்றுக்கும் மேற்பட்டவை. மா, கொய்யா, பப்பாசி, ஜம்பு, இலந்தை, தோடை யாவும் அவற்றுள் அடங்கும். நரந்தம் என்பது நாரத்தையின் பழந்தமிழ்ப் பெயர். அது பெயரில் ஒலிக்கும் நாரந்தனையில் நாரத்தையினத்தை விட்டுவிட்டுச் சொல்லலாகாது. மாங்காய்ப் பருவம் முடிந்தாலும் கொய்யா இருக்கின்றது. ஆதலால் மாமரத்தை மாத்திரம் காப்பது கதவைப் பூட்டி யன்னலைத் திறந்துவிடுவது போலாகும்.

பாகல், புடோல், பூசணியைத் துளைப்பது வேறோர் ஈ. மாந்தோப்பிற் பயன்படும் கவர்ச்சிப்பொருள் அதனைக் கவராது. பிஞ்சுக்குக் கடதாசிப் பை கட்டுவதே எளிய வழி.

ஜப்பானியர் தம் தென்தீவுகளில், ஆண் ஈக்களைக் கவரும் மெதைல் இயூஜினோலையும் நஞ்சையும் ஊட்டிய கட்டைகளைப் பரப்பி, 1986இல் கீழைநாட்டு ஈயை முற்றாக ஒழித்தனர். துளசியிலும் உள்ள பொருளே அது. அங்கே கடல் வேலியாயிற்று. நமது தீவுக்கோ பண்ணைப் பாலத்தின் வழியே நாள்தோறும் பழக்கூடைகள் வருகின்றன. ஈ பறந்துதான் வரவேண்டுமென்பதில்லை.

உதிர்ந்த பழத்தைக் குப்பைமேட்டில் எறிந்தால் புழு மண்ணை அடைந்துவிடும். பொலித்தீன் பையில் இறுகக் கட்டிச் சில நாள் வெயிலில் வைத்தால் புழு உள்ளேயே மடியும். அடுத்த வளவுக் கொய்யாவின் கீழும் அவ்வாறே செய்தல் வேண்டும்.