கண் போகும் வழியில் கழுத்து: கணினித் திரையைச் சரியாக அமைத்துக்கொள்வது எப்படி?

கழுத்துவலி, தோள்வலி, மாலையானால் தலைவலி, கண்ணெரிச்சல் ஆகிய குறைகளோடு வருவோரிடம் நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “நாளின் பெரும்பகுதி எதைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்கிறீர்கள்?” வங்கி எழுத்தர், இ-சேவை மைய ஊழியர், திருமண அழைப்பிதழ் வடிவமைக்கும் அச்சகத்தார், வீட்டிலிருந்தே பணிபுரியும் மென்பொருள் பொறியாளர், நோயுற்ற தந்தையின் கட்டிலருகே அமர்ந்து மடிக்கணினியில் அலுவலக வேலையை முடிக்கும் மகள் எனப் பலரிடமிருந்தும் வரும் விடை ஒன்றே: கணினித் திரை.

மருந்தும் பயிற்சியும் வலியைத் தணிக்கின்றன. ஆனால் திரை பழைய இடத்திலேயே இருக்குமாயின் வலி திரும்பிவரும் வாய்ப்பு மிகுதி. வேலைக்குத் திரும்ப வேண்டிய ஒருவருக்கு இது வெறும் உடல்நலச் செய்தி அன்று. வருமானத்தைப் பற்றிய செய்தியும் ஆகும். ஆகவே, செலவின்றி வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய திருத்தங்களை இவ்விதழில் எடுத்துரைக்கிறோம். உடலியக்கச் சிகிச்சையாளரும் கண் மருத்துவரும் ஒருங்கே வலியுறுத்தும் கருத்து இது: கழுத்து தானாக வளைவதில்லை, தெளிவாகத் தெரியாத ஒன்றைத் தேடிக் கண் செல்கிறது, கழுத்து அதன் பின்னே செல்கிறது. எனவே முதலில் கண்ணுக்கு வசதி செய்து கொடுங்கள்.

தலையின் சுமை

வளர்ந்த ஒருவரின் தலை ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ளது. நிமிர்ந்து இருக்கையில் அச்சுமையை முதுகெலும்பு எளிதாகத் தாங்குகிறது. தலை முன்னே சாயச் சாய, அதனைப் பிடித்து நிறுத்தப் பிடரித் தசைகள் கூடுதலாக உழைக்கின்றன. 2014ஆம் ஆண்டில் அமெரிக்க முதுகுத்தண்டு அறுவை மருத்துவர் ஒருவர் வெளியிட்ட கணிப்பின்படி, தலை 15 பாகை சாய்ந்தால் கழுத்தின்மீது விழும் விசை ஏறத்தாழ 12 கிலோவாகவும், 30 பாகையில் 18 கிலோவாகவும், 60 பாகையில் 27 கிலோவாகவும் உயர்கிறது. இது கணினி மாதிரியைக் கொண்டு செய்யப்பட்ட கணக்கே. ஒவ்வொருவர் கழுத்திலும் அளந்து கண்டதன்று. எனினும், சிறிய சாய்வும் நீண்ட நேரம் நீடித்தால் கழுத்து ஏன் களைத்துப்போகிறது என்பதை இக்கணக்கு நன்கு விளக்குகிறது.

முதலில் இருக்கை, அடுத்துத் தூரம்

திரையைத் தொடுமுன் இருக்கையைச் சரிசெய்யுங்கள். முதுகு நாற்காலியின் சாய்மானத்தில் பொருந்த வேண்டும். பாதங்கள் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும். கால் எட்டாதவர்கள் மணைப் பலகை ஒன்றை வைத்துக்கொள்ளலாம். இருக்கையை மாற்றினால் கண்ணின் உயரமும் மாறும். ஆதலால் இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் செய்த வேலையை மீண்டும் செய்ய நேரும்.

அடுத்து, திரை உங்களுக்கு நேரெதிரே இருக்கட்டும். பக்கவாட்டில் வைத்துக் கழுத்தைத் திருப்பியபடியே பார்ப்பது கேடு. சாய்ந்து அமர்ந்து கையை நீட்டினால் விரல்நுனி திரையைத் தொடுமளவு, அதாவது ஏறத்தாழ 50 முதல் 70 செ.மீ. தொலைவு பெரும்பாலோருக்குப் பொருந்தும். மிகப் பெரிய திரையாயின் இன்னும் சற்றுத் தள்ளி வைக்கலாம்.

நாற்பது வயதைக் கடந்தோர் இங்கே ஒரு நுட்பத்தை அறிந்துகொள்ள வேண்டும். வெள்ளெழுத்துக்காகத் தரப்படும் கண்ணாடி, நூலைக் கையில் ஏந்திப் படிக்கும் தூரத்தை, அதாவது ஏறத்தாழ 40 செ.மீ.ஐக் கருதியே அளிக்கப்படுகிறது. திரையோ அதற்கும் அப்பால் இருக்கிறது. கண்புரை அறுவையில் தொலைப்பார்வைக்குரிய வில்லை பொருத்தப்பட்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு 40 செ.மீ. தொலைவில் தெளிவாகப் படிக்க 2.5 டயாப்டர் ஆற்றல் தேவை, 65 செ.மீ. தொலைவுக்கு ஏறத்தாழ 1.5 டயாப்டரே போதும். படிக்கும் கண்ணாடியை அணிந்தே திரையைப் பார்த்தால் எழுத்து மங்கும். மங்கியதும் அவர் தம்மையறியாமல் முகத்தை 40 செ.மீ. தொலைவுக்குக் கொண்டுசெல்வார். அவருடைய கழுத்துவலிக்குக் காரணம் கழுத்தில் இல்லை. கண்ணாடிக்கும் திரைக்கும் இடையிலுள்ள பொருத்தமின்மையில் இருக்கிறது.

ஆகவே, தையல் நாடாவால் உங்கள் கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை அளந்து, அவ்வெண்ணைக் குறித்துக்கொண்டு கண் மருத்துவரிடம் சொல்லுங்கள். அத்தூரத்துக்கேற்ற கண்ணாடி தேவையா என்பதை அவர் முடிவு செய்வார்.

எழுத்தைப் பெரிதாக்குங்கள்

தூரம் சரியாக இருந்தும் எழுத்து சிறிதாக இருந்தால் தலை மீண்டும் முன்னே நகரும். இதனைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு தமிழ்ச் செய்தியைத் திரையில் திறந்துவைத்துச் சாய்மானத்தில் முதுகைப் பொருத்தி அமருங்கள். மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி தயக்கமின்றித் தெரிகிறதா? ‘ன’கரமும் ‘ண’கரமும் ஒன்றோடொன்று மயங்காமல் தெரிகின்றனவா? இல்லையெனில் எழுத்தைப் பெரிதாக்க வேண்டும்.

பலரும் செய்யும் பிழை, திரையின் பிக்சல் எண்ணிக்கையைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்க முயல்வதாகும். தட்டைத் திரை ஒவ்வொன்றும் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான புள்ளிகளால் ஆனது. 22 முதல் 24 அங்குலத் திரைகளில் அது பெரும்பாலும் 1920 × 1080. அதற்குக் குறைவாக அமைத்தால் எழுத்தின் ஓரங்கள் கசிந்து மங்கும். எனவே அந்த எண்ணை அதன் இயல்பான நிலையிலேயே விட்டுவிட்டு, விண்டோஸ் கணினியில் ‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘டிஸ்ப்ளே’ என்று சென்று, ‘ஸ்கேல்’ என்னும் அளவை 125 அல்லது 150 விழுக்காடாக உயர்த்துங்கள். இணையப் பக்கத்தை மட்டும் பெரிதாக்க ‘கண்ட்ரோல்’ விசையையும் கூட்டல் குறியையும் சேர்த்து அழுத்தினால் போதும்.

உயரமும் சாய்வும்

நிமிர்ந்து நேரே நோக்கும்போது, திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ இருக்க வேண்டும். அப்போது திரையின் நடுப்பகுதியைப் பார்வை இயல்பாகவே கீழ்நோக்கிச் சந்திக்கும். தாழ்ந்த பார்வையில் இமை கண்ணைக் கூடுதலாக மூடியிருப்பதால் கண் உலர்வதும் குறைகிறது. திரை தாழ்வாக இருப்பின் தடித்த பழைய நூல்களை அடியில் அடுக்கலாம். அடுக்கு ஆடாமல் இருப்பது முக்கியம். திரையின் மேற்பகுதியைச் சிறிது பின்னே சாய்த்தால் பார்வைக்கு அது நேராக அமையும்.

இவ்விதிக்கு ஒரு முக்கிய விலக்கு உண்டு. பைஃபோகல் அல்லது புரோகிரசிவ் கண்ணாடி அணிவோர் அண்மைப் பொருளைக் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகவே காண்கின்றனர். திரை கண்மட்டத்தில் இருந்தால் அவர்கள் மோவாயை உயர்த்தி, தலையைப் பின்னுக்குச் சாய்க்க நேரும், பிடரி வலிக்கும். இவர்கள் திரையைப் பிறரைவிடச் சில செ.மீ. தாழ்த்தி, பின்புறம் சற்றுக் கூடுதலாகச் சாய்த்து வைக்க வேண்டும். மோவாய் மேலெழாமல் எழுத்து தெளிவாகத் தெரியும் இடமே சரியான உயரம்.

மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒன்றாகப் பிணைந்துள்ளன. திரை சரியான உயரத்தில் இருந்தால் கை உயர்ந்துவிடும். கை சரியாக இருந்தால் தலை குனியும். தனி விசைப்பலகையும் மவுஸும் இணைத்து, மடிக்கணினியை உயர்த்தி வைப்பதே தீர்வு.

ஒளி

சன்னல் திரைக்குப் பின்னே இருந்தால் கண் கூசும்; உங்களுக்குப் பின்னே இருந்தால் அதன் நிழலுரு திரையில் விழும். சன்னல் உங்கள் பக்கவாட்டில் அமையுமாறு மேசையைத் திருப்பிப் போடுங்கள்.

திரையின் ஒளியளவை அறிய, வெள்ளைத்தாள் ஒன்றைத் திரையருகே பிடியுங்கள். தாளோடு ஒப்பிடுகையில் திரை விளக்குபோல் ஒளிர்ந்தால் குறைக்க வேண்டும். சாம்பல் பூத்ததுபோல் மங்கினால் கூட்ட வேண்டும். பகலுக்கும் இரவுக்கும் ஒரே அளவு பொருந்தாது. இருட்டறையில் திரையை மட்டும் ஒளிரவிடுவதைத் தவிர்த்து, மெல்லிய விளக்கொன்றை எரியவிடுங்கள்.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கலாமா என்று பலர் வினவுகின்றனர். 2023இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 17 ஆய்வுகளை ஆராய்ந்து, சாதாரண வில்லைகளோடு ஒப்பிடுகையில் இவை குறுகிய காலத்தில் கண்களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே முடிவு கூறியது. அப்பணத்தை முறையான கண் பரிசோதனைக்குச் செலவிடுவது நன்று.

இமைக்க மறவாதீர்கள்

இயல்பாக ஒரு நிமிடத்தில் நாம் 15 முறைக்குக் குறையாமல் இமைக்கிறோம். திரையில் ஆழ்ந்திருக்கையில் இவ்வெண்ணிக்கை வெகுவாகக் குறைகிறது. கண்ணீர்ப் படலம் உலர்கிறது. ஏசியின் காற்றோ மின்விசிறியின் காற்றோ நேரே முகத்தில் படுமாயின் எரிச்சல் கூடும்.

20 நிமிடங்களுக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பாலுள்ள பொருளை 20 விநாடிகள் நோக்குங்கள். அப்போது சிலமுறை முழுமையாக இமையுங்கள். எவ்வளவு நேர்த்தியான அமர்வும் அசைவின்றி நீடித்தால் வலியாகவே முடியும். ஆதலால் அரைமணிக்கு ஒருமுறையேனும் எழுந்து சில அடிகள் நடப்பது நலம்.

பராமரிப்போர் கவனத்துக்கு

படுக்கையிலிருக்கும் நோயாளி தொலைவிலுள்ள உறவினரோடு காணொளியில் பேச விரும்புவது இயல்பு. கருவியை அவர் வயிற்றின்மீது வைத்தால் மோவாய் மார்பில் முட்டும். மருத்துவர் தடை சொல்லாதவரை, கட்டிலின் தலைப்பகுதியை உயர்த்தி முதுகுக்குத் தலையணை கொடுத்து, திரையைக் கட்டில்மேசைமீது முகத்துக்கு நேரே வையுங்கள்.

பக்கவாதத்துக்குப்பின் சிலருக்குப் பார்வைப்புலத்தின் ஒரு பாதி மறைந்துவிடும். வேறு சிலர் இடப்பக்கம் இருப்பதையே கவனியாது விடுவர். இவர்கள் வரியின் தொடக்கத்தைத் தவறவிட்டால், அதனை அசட்டை என்று கடிந்துகொள்ளாதீர்கள். திரையை எப்பக்கம் வைப்பது என்பதைச் சிகிச்சையாளரிடம் கேட்டுச் செய்யுங்கள். அது பயிற்சியின் நோக்கத்தைப் பொறுத்தது.

நீரிழிவு முதலியவற்றால் பார்வை குன்றியோர், விண்டோஸ் விசையையும் கூட்டல் குறியையும் சேர்த்து அழுத்தினால் உருப்பெருக்கி தோன்றும். திரையிலுள்ளதை வாசித்துக்காட்டும் என்விடிஏ என்னும் மென்பொருளும் இலவசமாகவே கிடைக்கிறது.

நோயாளிக்குத் தலையணை சரிசெய்யும் நீங்கள், இரவில் மடிமீது கணினியை வைத்துக் குனிந்தே வேலை செய்கிறீர்களா என்பதையும் எண்ணிப்பாருங்கள். உங்கள் கழுத்தும் கவனிக்கப்பட வேண்டியதே.

திரையின்மீது பழிபோடக் கூடாதவை

பின்வருவன திரையை நகர்த்தித் தீர்வு காணத்தக்கவை அல்ல. காலந்தாழ்த்தாமல் மருத்துவரை அணுக வேண்டியவை:

- கழுத்திலிருந்து கைக்குப் பரவும் வலி, மரத்துப்போதல், கையிலிருந்து பொருள் நழுவுதல்.
- சட்டைப் பொத்தான் போட முடியாமை, நடையில் தள்ளாட்டம், சிறுநீர் அல்லது மலம் கழிப்பதில் புதிய மாற்றம்.
- காய்ச்சலோடு கூடிய அல்லது விழுந்தபின் தோன்றிய கழுத்துவலி.
- கண்ணில் திடீரென மின்னல் கீற்றுகள், புதிய கரும்புள்ளிகள், திரை மூடுவதுபோன்ற நிழல்.
- கண் சிவந்து கடுமையாக வலித்தல், விளக்கைச் சுற்றி வண்ண வளையம், உடன் தலைவலியும் வாந்தியும்.

திடீரென ஒருபக்கம் செயலிழத்தல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், பார்வை இரட்டையாதல், அல்லது கழுத்து, தாடை, கைவலியோடு மார்பில் இறுக்கமும் வியர்வையும் தோன்றுதல் ஆகியவற்றில் எதுவாயினும் உடனே 108 எண்ணை அழையுங்கள்.

அடுத்த முறை வரும்போது

நீங்கள் வேலை செய்யும் நிலையில், பக்கவாட்டிலிருந்து வீட்டார் ஒருவரை நிழற்படம் எடுக்கச் சொல்லுங்கள். நிமிர்ந்து அமர்ந்துகாட்ட வேண்டா; நாளின் இறுதியில் உள்ளபடியே எடுக்கட்டும். கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரம், திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு எத்தனை செ.மீ. மேலோ கீழோ உள்ளது என்னும் இரண்டு அளவுகளையும் அதனோடு எழுதிக்கொண்டு வாருங்கள். பயன்படுத்தும் கண்ணாடிகள் அனைத்தையும் உடன் கொணருங்கள். இவை இருப்பின், மருந்தை மட்டுமன்றி, உங்கள் மேசையையும் கருத்தில் கொண்டு சிகிச்சையைத் திட்டமிட எங்களால் இயலும்.