கைடில் இல்லாத பெரியம்மா

என்ன படிக்கலாம்? – 9

அரசுக் கலைக் கல்லூரிகளில் கலந்தாய்வு தொடங்கிவிட்டால் பி.ஏ. ஆங்கிலத்துக்கான இடங்கள் மளமளவென்று நிரம்பிவிடும். பிளஸ் டூவில் ஆங்கிலப் பாடத்தில் வாங்கிய மதிப்பெண்ணை வைத்து இதற்கென்று தனித் தரவரிசை. வருகிறவர்களில் பலர் தமிழ்வழியில் படித்தவர்கள். வீட்டிலிருந்து கல்லூரி வாசலை முதன்முதலாக மிதிக்கிறவர்கள். சேர்க்கை மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் எங்களிடம், கூட வரும் அப்பாக்களும் தாய்மாமன்களும் தவறாமல் கேட்பது இது: “மூணு வருசத்துல புள்ள கடகடன்னு இங்கிலீஷ் பேசிருமா சார்?”

இந்தப் படிப்பு அதற்காக ஏற்பட்டதல்ல. இதை மேசையிலேயே சொல்லிவிட்டால் நல்லது. ஆனால் அவ்வளவு நம்பிக்கையோடு வந்திருப்பவரிடம் சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை. “ஆளப் பொறுத்ததுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த டி.சி.யைப் புரட்டுவார்கள்.

நம் ஊர் இளங்கலைப் படிப்பில் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று மேஜர். பேசவும், கடிதம் எழுதவும், பிழையில்லாமல் நாலு வரி எழுதவும் பழக்குவது பகுதி இரண்டின் வேலை. அது பி.காம். மாணவருக்கும் இயற்பியல் மாணவருக்கும் உள்ளதுதான். இங்கிலீஷ் மேஜர்காரருக்கும் அதே பாடப்புத்தகம், அதே பரீட்சை. மேஜர் வகுப்பில் அவருக்காகக் காத்திருப்பவர்களோ சாசர், ஸ்பென்சர், மில்டன்.

நெடுங்காலமாக இந்த வரிசை காலவரிசைதான். பதினான்காம் நூற்றாண்டுக்காரரான சாசரில் தொடங்கி, நூற்றாண்டு நூற்றாண்டாக இறங்கி வந்து, மூன்றாம் ஆண்டில் ஆர்.கே. நாராயணனும் சினுவா அச்செபேயும் வருவார்கள். சாசரின் ஆங்கிலத்தை லண்டன் மாணவரே அடிக்குறிப்பு இல்லாமல் படிக்க முடியாது. ஆங்கிலம் தட்டுத்தடுமாறி வரும் முதலாண்டில் அதையும், ஓரளவு கை பழகிய மூன்றாமாண்டில் எளிய நாராயணனையும் கொடுத்தது தலைகீழ் ஏற்பாடு என்பது என் தீர்மானமான கருத்து. இப்போது சில பாடத்திட்டங்களில் இந்திய ஆங்கில எழுத்து முன்னுக்கு வந்துவிட்டது. நல்ல காரியம்.

படிப்பின் பிறப்பும் விசித்திரமானதுதான். ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியம் தனிப் பட்டப்படிப்பானது 1894-ல், கேம்பிரிட்ஜில் 1917-ல். அங்கே கிரேக்கமும் லத்தீனும் கோலோச்சிய நாட்களிலேயே கல்கத்தாவில் பையன்கள் ஷேக்ஸ்பியரைப் படித்துப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆளும் மொழியையும் அதன் ஒழுக்கத்தையும் சந்தடியில்லாமல் ஊட்டுவதற்கு இலக்கியம் தோதாக இருந்தது என்பதை கௌரி விஸ்வநாதன் 1989-ல் வெளிவந்த தம் ‘மாஸ்க்ஸ் ஆஃப் கான்க்வெஸ்ட்’ நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். அந்தக் காலத்து மிச்சம் இன்னும் போகவில்லை. நம் பிள்ளைகள் பலர் அலைடு தாளில் ‘இங்கிலாந்தின் சமூக வரலாறு’ படிக்கிறார்கள். 1348-ல் லண்டனுக்கு வந்த கொள்ளைநோயைப் பற்றி ஐந்து மதிப்பெண் எழுதுவார்கள். தாது வருசப் பஞ்சம் என்றால் விழிப்பார்கள்.

இவ்வளவு சொல்கிறவன் இதைப் படிக்காதே என்று சொல்லப்போகிறேன் என்று நினைத்தால், இல்லை.

சாசரின் ‘கேன்டர்பரி கதைகள்’ முன்னுரை வகுப்பு அது. எல்லார் புத்தகத்திலும் வரிக்கு மேலே பென்சிலில் பொடிப்பொடியாகத் தமிழ். யாத்ரீகர்கள் லண்டனுக்குத் தெற்கே ஒரு சத்திரத்தில் கூடுகிறார்கள். வழிப்பயம் போகவும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போகவும் கூட்டமாகக் கிளம்புகிறார்கள். பழநிக்குப் பாதயாத்திரை போகும் கூட்டம் மாதிரிதான் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதில் ஒருத்தி, பாத் ஊர்ப் பக்கத்துப் பெண்மணி. காது கொஞ்சம் மந்தம், முன்பல்லில் இடைவெளி, காலில் செக்கச்செவேலென்று உறை, தலையில் கேடயம் அகலத் தொப்பி. நெசவில் கெட்டிக்காரி. கோயிலில் காணிக்கை செலுத்த அவளை முந்திக்கொண்டு எவளாவது போனால் தொலைந்தாள். ஜெருசலேமுக்கு மூன்று தடவை போய் வந்தவள். ஐந்து புருஷன் கட்டியவள்.

பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் சொன்னாள்: “எங்க பெரியம்மா மாதிரியே இருக்கு சார். அதுவும் மூணு தடவ காசிக்குப் போயிருக்கு. புருசன்தான் ஒண்ணு.”

வகுப்பு அடங்க நேரமாயிற்று. அன்றைக்கு அவள் செய்ததைத்தான் இலக்கியம் படிப்பது என்கிறோம். இன்னொரு நாட்டின், அறுநூறு வருசத்துக்கு முந்தைய எழுத்திலிருந்து ஒரு ஆளைக் கண்டுபிடித்துத் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டாள். அதற்கு அவளுக்குச் சரளமான ஆங்கிலம் தேவைப்படவில்லை.

செமஸ்டர் பரீட்சையில் அதே பெண்மணியைப் பற்றிக் கேள்வி வந்தது. அவள் எழுதியிருந்தது கைடில் உள்ள ஒன்றரைப் பக்கம், வார்த்தைக்கு வார்த்தை. அவள் பக்கத்தில் இருந்தவளும் அதையே எழுதியிருந்தாள். எழுபத்தைந்து மதிப்பெண் தாளில் பெரியம்மாவுக்கு இடமில்லை. துணிந்து எழுதினால் வெளியிலிருந்து திருத்த வருகிறவர் எப்படி எடுத்துக்கொள்வாரோ என்ற பயம். பயம் நியாயமானதுதான். பாடத்திட்டத்தை எத்தனை முறை மாற்றினாலும், “பாத்திரத்தின் குணநலன்களை விவரி” என்றே கேட்டுக்கொண்டிருந்தால் நூலகத்தில் மூலநூல் புதுக்கருக்குக் குலையாமல்தான் இருக்கும்.

பக்கத்து அறையில் பகுதி ஒன்றில் இதே பிள்ளைகள் குறுந்தொகை படிக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து யாரும் பேசுவதில்லை. மைசூரில் ஆங்கில இலக்கியம் படித்து, மதுரையிலும் ஆங்கிலம் கற்பித்த ஏ.கே. ராமானுஜன் பேசினார். அவர் ஆங்கிலத்தில் தந்த குறுந்தொகைப் பாடல்கள் 1967-ல் வந்தன. இன்று உலகம் அறியும். அவர் எழுந்து வந்த படிப்பு இதுதான் என்பதையாவது முதலாண்டு மாணவருக்குச் சொல்லலாம்.

வேலை விஷயம். ஆசிரியராக வேண்டுமானால் பி.எட். முடித்து டெட் இரண்டாம் தாள் எழுதவேண்டும். மொத்தம் 150 மதிப்பெண்ணில் ஆங்கிலத்துக்கு 30தான். கணிதம்–அறிவியல் அல்லது சமூக அறிவியலுக்கு 60. மில்டனைக் கரைத்துக் குடித்தவரும் எட்டாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தைத் தேடி அலையவேண்டும். கல்லூரி ஆசிரியர் என்றால் எம்.ஏ., பிறகு நெட் அல்லது செட். அதற்கு அப்புறமும் பலர் கௌரவ விரிவுரையாளராகவே வருடங்களை ஓட்டுகிறார்கள். மொழிபெயர்ப்பு, பதிப்பகம், விளம்பர எழுத்து ஆகியவற்றுக்குப் பட்டத்தைவிட எழுதிக் காட்டும் கைதான் முக்கியம்.

சேர்க்கை மேசையில் யாரும் சொல்லாத ஒன்று உண்டு. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020-ல் வந்த சட்டத்திருத்தத்துக்குப் பிறகு, பட்டத்தைத் தகுதியாகக் கேட்கும் பணிகளுக்குப் பள்ளிப்படிப்போடு பட்டப்படிப்பும் தமிழ்வழியில் இருக்கவேண்டும். பன்னிரண்டு வருசம் தமிழ்வழியில் படித்த பிள்ளை பி.ஏ. ஆங்கிலத்தில் சேர்ந்தால் குரூப் 1, குரூப் 2 தேர்வுகளில் இந்தச் சலுகை கைவிட்டுப் போகும். பத்தாம் வகுப்பைத் தகுதியாகக் கொண்ட குரூப் 4-க்குப் பாதிப்பில்லை. அந்தத் தேர்வுகளைக் குறிவைத்திருப்பவர்கள் கையெழுத்துப் போடும் முன் இதை ஒரு தடவை யோசித்துக்கொள்ளுங்கள்.

(அடுத்த வாரம்: பி.காம்.)