நம் ஊர்க் காட்டு முயலும் அதன் உறவினரும்

"ஒரு முயல் வரைந்து வாருங்கள்" என்று ஆறாம் வகுப்பில் சொன்னால், வகுப்பு முழுவதும் வெள்ளை உடலும் சிவந்த கண்களும் உள்ள ஒரு பிராணியையே வரைந்து வரும். அதன் கையில் ஒரு காரட்டும் இருக்கும். பர்கூரைச் சுற்றியுள்ள கேழ்வரகுக் கொல்லைகளிலும், மாந்தோப்புகளிலும், பாறைக் குன்றுகளின் முட்புதர்களிலும் ஓடித் திரியும் முயலைப் பிள்ளைகளில் பலர் நேரில் பார்த்தவர்களே. ஆயினும் ஏட்டில் வந்து அமர்வது கூண்டு முயல்தான்!

இவ்விரண்டும் ஒன்றல்ல. கூண்டில் வளரும் முயல்கள் எந்நிறத்தன ஆயினும், ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளைத் தாயகமாகக் கொண்ட ஐரோப்பியக் குழி முயல் என்னும் ஒரே இனத்தின் வழிவந்தவை. கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூர் ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கப்படுபவையும் அவ்வினமே. ஆங்கிலத்தார் அதனை 'ராபிட்' என்பர். நம் காட்டு முயலை 'ஹேர்' என்பர். தமிழில் இரண்டும் 'முயல்' ஆகிவிட்டதால் வந்த குழப்பம் இது. நம் பக்கத்தில் தெலுங்கு பேசும் வீட்டில் 'குந்தேலு' என்றும், கன்னடம் பேசும் வீட்டில் 'மொல' என்றும் சொல்வது இக்காட்டு முயலைத்தான்.

அறிவியலார் இதற்கு இட்ட பெயர் 'லெபஸ் நைக்ரிகாலிஸ்'. இலத்தீன் அறிந்த அருட்சகோதரியர் உடனே பொருள் சொல்லிவிடுவர்: கருங்கழுத்து முயல். இதன் பிடரியில் கரிய திட்டு ஒன்று உண்டு. உடல் மண்ணின் நிறம். பின்னங்கால்கள் நீளம். இந்தியாவிலும் இலங்கையிலும் பரவலாகக் காணப்படுவது இதுவே.

இரண்டுக்கும் உள்ள பெரிய வேற்றுமை பிறப்பில் இருக்கிறது. குழி முயல் மண்ணைக் குடைந்து வளையமைத்து, ஏறத்தாழ 30 நாள் சுமந்து, மயிரின்றிக் கண் திறவாத குட்டிகளை அங்கே ஈனும். காட்டு முயல் வளை தோண்டுவதில்லை. புல்லை அழுத்தி உண்டாக்கிய சிறு பள்ளமே அதன் வீடு. ஏறத்தாழ 42 நாள் சுமந்து, மயிரடர்ந்து கண் திறந்த குட்டிகளை அது திறந்தவெளியிலேயே ஈனுகிறது.

இதை விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. நிலக்கடலைக் காட்டில் தனியே கிடந்தது என்று ஒரு மாணவி கையளவு குட்டியொன்றை அட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். "தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது, டீச்சர்" என்றாள். நானும் நம்பினேன். பசும்பாலைப் பஞ்சில் நனைத்துக் கொடுத்தோம். மூன்றாம் நாள் அது இறந்துவிட்டது. பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். தாய் முயல் பகலில் குட்டியருகே இராது. தன் வாடை பகைவருக்கு வழி காட்டிவிடும் என்பதால் விலகியே இருக்கும். ஐரோப்பாவின் பழுப்பு முயலை ஆராய்ந்தவர்கள், தாய் அந்திக்குப் பின் ஒரே ஒரு முறை வந்து, சில நிமிடங்கள் மட்டும் பாலூட்டிச் செல்வதைக் கண்டிருக்கின்றனர். அந்தப் பால் பசும்பாலைவிட மிகக் கொழுப்பானது. ஆகவே அக்குட்டி அனாதையன்று. நாங்கள்தாம் அதை அனாதையாக்கினோம். அடிபடாத குட்டியைக் கண்டால் அங்கேயே விட்டுவிட்டு, நாயை மட்டும் பிடித்துக் கட்டுங்கள்.

லேவியர் நூல் 11ஆம் அதிகாரத்தில் முயல் அசைபோடும் விலங்காகக் குறிக்கப்படுகிறது. முயலுக்குப் பசுவைப்போல் நாலறை இரைப்பை கிடையாதே என்று வியப்போர் உண்டு. முயல் இருவகைப் புழுக்கை இடும். மென்மையான முதல் வகையைக் கீழே விழவிடாமல் வாயால் எடுத்து மீண்டும் உண்டு, அதிலுள்ள சத்தை இரண்டாம் முறை பெறுகிறது. பகலெல்லாம் பள்ளத்தில் படுத்து வாயை அசைத்துக்கொண்டிருக்கும் முயலைக் கண்டவர் அசைபோடுகிறது என்று சொன்னதில் வியப்பென்ன? முயல் எலியினத்தைச் சேர்ந்ததுமன்று. மேல்தாடை முன்பற்களின் பின்னே இன்னொரு சிறு பல் இணை இருப்பதால், 1912இல் இதனைத் தனி வரிசையாகப் பிரித்தனர்.

உலகில் முயல் குடும்பத்தில் 60க்கும் மேற்பட்ட இனங்கள் உள. வடஅமெரிக்காவின் பனிமுயல் குளிர்காலத்தில் வெண்மையாகவும், கோடையில் பழுப்பாகவும் மாறும். 1859இல் தாமஸ் ஆஸ்டின் என்பவர் வேட்டைப் பொழுதுபோக்குக்காக ஆஸ்திரேலியாவில் இரண்டு டஜன் அளவில் குழி முயல்களை விட்டார். அவை பெருகி நாட்டையே மேய்ந்தன. முயல் தடுப்பு வேலி நூற்றுக்கணக்கான மைல் போட்டும் நிற்கவில்லை. அதே இனம் இன்று தன் தாயகமான ஸ்பெயினில் அருகி வருகிறது! ஜப்பானின் அமாமி தீவிலுள்ள கரிய முயலுக்கோ பகை வெளியிலிருந்து வந்தது. பாம்பைக் கொல்ல 1979இல் விடப்பட்ட கீரிகள் பாம்பை விட்டு முயலைத் தின்றன. அங்கே கீரி முற்றும் ஒழிந்ததென அறிவிக்க 2024 ஆயிற்று. நம் நாட்டு அஸ்ஸாமில் உயர்ந்த புல்வெளிகளில் வாழும் முரட்டுமயிர் முயல் அழிந்துவிட்டதென்றே எண்ணப்பட்டு, 1971இல் மீண்டும் கண்டறியப்பட்டது. புல்லுக்குத் தீ வைக்கும் வழக்கம் அதற்கு இன்றும் ஆபத்தே.

நம் கருங்கழுத்து முயலுக்கு அவ்வளவு நெருக்கடி வரவில்லை. ஆனால் தமிழகத்தில் சில ஊர்களில் பொங்கலையொட்டி வலையும் நாயுமாக முயல் வேட்டைக்குக் கிளம்புவது வழக்கமாக இருந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். இளஞ்செடியை முயல் கடித்துவிடுகிறது என்னும் உழவரின் மனக்குறையும் பொய்யன்று; அதற்கு வேலியே வழி. புதர்க்காடு குறையக் குறைய முயல் சாலையைக் கடக்கவேண்டியிருக்கிறது. இரவு விளக்கொளியில் அது திகைத்து நின்றுவிடும். உங்கள் தந்தையர் அப்போது வண்டியைச் சற்று மெல்ல ஓட்டட்டும்.

விடுமுறையில் விடியற்காலை கொல்லைப்பக்கம் போனால் வரப்போரப் புல்லைப் பாருங்கள். முழங்கை நீளத்தில் அழுந்திய பள்ளமும், அருகே உலர்ந்த உருண்டைப் புழுக்கைகளும் இருக்கலாம். பள்ளத்தில் புல் இன்னும் சூடாக இருந்தால், அது இப்போதுதான் எழுந்து போயிருக்கிறது.